மாட்ரிட்டில் மீதமிருந்த ஒரு ரவுண்டு

அண்ணன் மகன் கல்லூரி அணிக்காக 5000 மீட்டரும் 10,000 மீட்டரும் ஓடுகிறவன். ஓட்டப் பந்தயக் கூத்துகள் என்று யாரோ தொகுத்த ஒரு வீடியோவை எனக்கு அனுப்பியிருந்தான். 2019 ஜூலையில் சுவிட்சர்லாந்தின் லொசானில் நடந்த டயமண்ட் லீக் என்ற தடகளத் தொடரின் 5000 மீட்டர் அதில் வருகிறது. எத்தியோப்பியாவின் ஹாகோஸ் கெப்ரிவெத் எல்லோரையும் பின்னுக்குத் தள்ளிவிட்டுக் கோட்டைத் தாண்டுகிறார், ஜெயித்துவிட்ட நிம்மதியில் நிற்கிறார். மற்றவர்களோ நிற்காமல் அவரைக் கடந்து ஓடுகிறார்கள். இன்னும் ஒரு ரவுண்டு பாக்கி. பதறிப்போய் மறுபடி ஓடத் தொடங்கியவர் பத்தாவதாக வந்தார். பந்தயத்தை யோமிஃப் கெஜெல்சா ஜெயித்தார். "இதே மாதிரி 1981இல் மாட்ரிட்டில் ஒரு டீமே சேர்ந்து மாட்டிக்கொண்டது தெரியுமா?" என்று கேட்டு, அந்தக் கதையை அவனுக்குச் சொன்னேன். கேட்டுவிட்டுச் சிரித்தான். "அப்போ எண்ணத் தெரியாம தங்கத்தைக் கோட்டை விட்டுட்டாங்கன்னு சொல்லுங்க சித்தப்பா" என்றான். மறுத்துச் சொல்லச் சட்டென்று எதுவும் வரவில்லை. ஒத்துக்கொள்ளவும் மனம் வரவில்லை.

அவனைக் குறை சொல்லிப் பயனில்லை. 1981 உலக கிராஸ் கன்ட்ரி சாம்பியன்ஷிப், அதாவது தடகள மைதானத்தை விட்டுப் புல்வெளியிலும் மண்ணிலும் ஓடும் நெடுந்தூர ஓட்டத்தின் உலகப் போட்டி, எங்கெல்லாம் பேசப்படுகிறதோ அங்கெல்லாம் ஆண்கள் ஓட்டத்துக்கு இதுதான் ஒருவரிச் சுருக்கம். எத்தியோப்பியர்கள் ரவுண்டை எண்ணுவதில் தவறினார்கள், அமெரிக்காவின் கிரெய்க் வெர்ஜினுக்குத் தங்கம் மடியில் வந்து விழுந்தது. சுவாரசியமான சுருக்கம்தான். ஆனால் முன்பாதி அந்த எத்தியோப்பிய அணியைச் சின்னப்பிள்ளைகளாக்கிவிடுகிறது, பின்பாதி வெர்ஜினை அதிர்ஷ்டக்காரராக்கிவிடுகிறது. இரண்டுமே எனக்கு உறுத்துகின்றன. அதிலும் முன்பாதி கூடுதலாக.

குதிரைகளுக்கான புல்லில்

1981 மார்ச் 28. இடம் மாட்ரிட் நகரத்தின் சர்சுவேலா குதிரைப் பந்தயத் திடல். தூரம் 12 கிலோமீட்டர். கிராஸ் கன்ட்ரிக்கும் குதிரைப் பந்தயத் திடலுக்கும் உள்ள உறவு பழையது. 1903இல் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, அயர்லாந்து, வேல்ஸ் நான்கும் மட்டும் சேர்ந்து முதல் சர்வதேசப் போட்டியை நடத்தியதே ஸ்காட்லாந்தின் ஹாமில்டன் பார்க் குதிரைத் திடலில்தான். இங்கிலாந்தின் ஆல்ஃப்ரெட் ஷ்ரப் ஜெயித்தார். 1979இல் அயர்லாந்தின் லிமெரிக், 1980இல் பாரிஸின் லோன்ஷாம், அடுத்து மாட்ரிட் என்று தொடர்ந்து மூன்று வருடமும் குதிரைத் திடல்கள். பரந்த புல்வெளி கிடைக்கும், பார்வையாளர் அரங்கு ஏற்கெனவே இருக்கும், வேலி இருக்கும். நடத்துகிறவர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்? ஓடுகிறவர்களுக்குத்தான் சிக்கல். தடகள மைதானத்தில் ஒரு ரவுண்டு என்றால் 400 மீட்டர், எங்கே போனாலும் அதே 400. திடலில் அப்படி இல்லை. வளைத்து வளைத்துப் பாதை போட்டிருப்பார்கள். திரும்பத் திரும்ப அதே அரங்கின் முன்னால் வருவீர்கள், ஒவ்வொரு முறையும் அதே கூச்சல் கேட்கும். எத்தனையாவது முறை வருகிறோம் என்பதை அந்த இடமே உங்களுக்குச் சொல்லாது.

எத்தியோப்பியா இந்தப் போட்டிக்கு வந்தது அதுதான் முதல் தடவை. வந்தவர்கள் யார் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. முந்தைய வருடம் மாஸ்கோ ஒலிம்பிக்கின் 10,000 மீட்டரில் மிருட்ஸ் யிஃப்டர் தங்கம், முகமது கெதிர் வெண்கலம், தொலொசா கொட்டு நான்காமிடம். நடுவில் புகுந்தவர் ஃபின்லாந்தின் மானின்கா ஒருவர்தான். அங்கே அவர்கள் மூவரும் மாறி மாறி முன்னால் வந்து வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் மற்றவர்களை அலைக்கழித்தார்கள். தனித்தனியாக ஓடுகிறவர்களுக்கு எதிராகக் கூட்டாக ஓடினால் என்ன நடக்கும் என்பதை உலகம் மாஸ்கோவில் பார்த்துவிட்டது.

மாஸ்கோவில் இல்லாதவர் வெர்ஜின். அமெரிக்கா ஒலிம்பிக்கைப் புறக்கணித்ததால் அவர் போக முடியவில்லை. அதே 1980 ஜூலையில் பாரிஸில் 10,000 மீட்டரை 27 நிமிடம் 29.16 வினாடியில் ஓடினார். மாஸ்கோவில் யிஃப்டர் தங்கம் வாங்கிய நேரம் 27 நிமிடம் 42.7 வினாடி. ஒலிம்பிக் இறுதி ஓட்டத்தின் நேரத்தை வேறு பந்தயத்தோடு ஒப்பிடுவது சரியில்லை என்று எனக்கும் தெரியும். இறுதிப் போட்டியில் நேரத்துக்காக யாரும் ஓடுவதில்லை. ஆனாலும் பாரிஸ் நேரத்தைப் பையில் வைத்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருந்த ஒருவருக்கு அது எப்படி இருந்திருக்கும்? அதனால்தான் மாட்ரிட்டை நான் வெறும் கிராஸ் கன்ட்ரி போட்டியாகப் பார்ப்பதில்லை. மாஸ்கோவில் நடந்திருக்க வேண்டிய சந்திப்பு எட்டு மாதம் தள்ளிப்போய்ப் புல்தரையில் நடந்தது.

அந்த ரவுண்டு

நடந்தது இதுதான். எத்தியோப்பியர்கள் தொடக்கத்திலேயே ஒரு கூட்டமாக முன்னால் போனார்கள். முதல்முறையாக வந்த அணி, தயக்கமே இல்லாமல் உலகத்தின் தலைசிறந்த ஓட்டக்காரர்களைப் பின்னால் இழுத்துக்கொண்டு போனது. கடைசிக்கு முந்தைய ரவுண்டு முடியும் நேரத்தில், அதுதான் கடைசி என்று நினைத்துக் கடைசி ஓட்டத்தைத் தொடங்கிவிட்டார்கள். கடைசி ஓட்டம் என்றால் சேமித்து வைத்திருந்த அத்தனையையும் கொட்டித் தீர்க்கும் ஓட்டம். கொட்டித் தீர்த்த பிறகு, முடியவில்லை, இன்னும் ஒரு ரவுண்டு இருக்கிறது, ஓடு ஓடு என்கிறார்கள். பின்னால் விட்டுவந்தவர்கள் எல்லாம் அவர்களைத் தாண்டுகிறார்கள்.

ஓடிப் பழக்கமில்லாதவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். ஒரு ரவுண்டு கூடுதலாக ஓடுவதில் தூரம் பெரிய விஷயம் இல்லை. இவர்கள் வாரத்துக்கு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஓடுகிறவர்கள். முடித்துவிட்டோம் என்று உடம்பிடம் சொல்லிவிட்ட பிறகு அதை மறுபடி கிளப்புவதுதான் முடியாத காரியம். வேகமாக ஓடி நின்ற கணத்தில் கால் கல்லாகிவிடும், மூச்சு தொண்டையிலேயே நின்றுகொள்ளும், முன்னால் ஓடுகிறவர்களின் முதுகு ஒவ்வொரு நொடியும் சின்னதாகிக்கொண்டே போகும். லொசானில் ஹாகோஸ் பத்தாவதாக வந்ததில் வியப்பே இல்லை.

முகமது கெதிர் பத்தாவதாக வரவில்லை. போனவர்களைத் துரத்திப் பிடித்தார். பிடித்தபின் அவர்களோடு ஒட்டிக்கொண்டு கிடைத்ததை வாங்கிக்கொள்ளவும் இல்லை, மறுபடி முன்னால் போனார். கடைசி நேர்ப்பாதையில்தான் வெர்ஜின் அவரை முந்தினார். வெர்ஜின் 35 நிமிடம் 5 வினாடி, கெதிர் 35:07, போர்ச்சுகலின் ஃபெர்னாண்டோ மமெடே 35:09. ஒருமுறை பந்தயத்தை முடித்துவிட்டு, மறுபடி தொடங்கி, மறுபடி முடித்தவர் இரண்டு வினாடியில் தோற்றிருக்கிறார். இந்த ஒரு ரவுண்டைத்தான் "எண்ணத் தெரியவில்லை" என்ற இரண்டு சொல்லில் முடித்துவிடுகிறோம். எனக்குத் தெரிந்து கிராஸ் கன்ட்ரி வரலாற்றில் இதைவிடப் பெரிய ஒரு ரவுண்டு கிடையாது.

இரண்டாமிடத்தின் எடை தெரிந்த நாடுதான் ஸ்பெயின். அவர்களுடைய மரியானோ ஹாரோ 1972 முதல் 1975 வரை தொடர்ந்து நான்கு வருடம் இதே போட்டியில் (1972இல் இதன் முன்னோடிப் போட்டியில்) இரண்டாவதாக வந்தவர். நான்கு முறையும் வேறு வேறு ஆள் அவரை ஜெயித்தார்: ரோலன்ட்ஸ், பாய்வரின்டா, டி பெக், இயன் ஸ்டூவர்ட். மாட்ரிட் கூட்டத்தில் ஹாரோவை நினைத்துக்கொண்டு கெதிரைப் பார்த்தவர்கள் நிச்சயம் இருந்திருப்பார்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

யார் எண்ண வேண்டும்?

எங்கள் மாவட்டத்தில் நடக்கும் பள்ளி, கல்லூரிப் போட்டிகளில் லேப் எழுத, அதாவது யார் எத்தனை ரவுண்டு ஓடினார்கள் என்று குறிக்க, உட்கார்ந்திருக்கிறேன். 5000 மீட்டர் என்றால் பன்னிரண்டரை ரவுண்டு. கையில் ஒரு தாள், இடதுபக்கம் மார்பு எண்கள், அதற்கு நேராகக் கட்டங்கள். ஒவ்வொருவரும் கோட்டைத் தாண்டும்போது அவர் எண்ணுக்கு நேராக ஒரு கோடு. முதல் நான்கைந்து ரவுண்டு ஜாலியாகப் போகும். அப்புறம் முன்னால் ஓடுகிறவன் பின்னால் ஓடுகிறவனை ஒரு ரவுண்டு தாண்டுவான். பன்னிரண்டு பேர் ஒரே கொத்தாக வரும்போது அதில் சிலர் எட்டாவது ரவுண்டில் இருப்பார்கள், சிலர் ஏழாவதில். ஒருவன் எண் வியர்வையில் மடங்கியிருக்கும். ஒருவன் கையால் மறைத்துக்கொண்டு ஓடுவான். அதற்கு நடுவில் ஓடிக்கொண்டே, "சார், எனக்கு எத்தனை ரவுண்டு சார்?" என்று கத்துவார்கள். அந்தக் கேள்வியில் இருக்கும் நம்பிக்கை பயமுறுத்தும். அவனுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும் என்று அவன் நினைக்கிறான்.

முழு வேகத்தில் ஓடுகிற மூளைக்கு எண்ணத் தெரியாது என்பது யாருடைய படிப்பையும் பற்றிய விஷயம் இல்லை. அதனால்தான் தடகளத்தில் மீதமுள்ள ரவுண்டுகளைக் காட்டும் பலகை வைக்கிறார்கள், கடைசி ரவுண்டுக்கு மணி அடிக்கிறார்கள். எண்ணும் வேலையை ஓட்டக்காரனின் தலையிலிருந்து இறக்கி வைக்கத்தான் இத்தனை ஏற்பாடும். அந்த ஏற்பாடும் தவறும். 1932 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கின் 3000 மீட்டர் ஸ்டீபிள்சேஸில் (தடைகளைத் தாண்டி ஓடும் பந்தயம்) அதிகாரிகள் கணக்கைத் தவறவிட்டு எல்லோரையும் ஒரு ரவுண்டு கூடுதலாக ஓடவைத்தார்கள். ஃபின்லாந்தின் இசோ ஹொல்லோ எப்படியும் ஜெயித்திருப்பார், ஜெயித்தார். ஆனால் சரியான தூரத்தில் இரண்டாவதாக இருந்த அமெரிக்காவின் ஜோ மெக்லஸ்கி அந்தக் கூடுதல் ரவுண்டில் பிரிட்டனின் எவென்சனிடம் வெள்ளியை இழந்தார். அந்த அதிகாரிகளை நினைத்து யாரும் வீடியோ போட்டுச் சிரிப்பதில்லை.

யிஃப்டர் கதையையும் சொல்லிவிடுகிறேன், சொல்லாவிட்டால் யாராவது கேட்பீர்கள். 1971இல் அமெரிக்காவின் டர்ஹமில் நடந்த அமெரிக்கா - ஆப்பிரிக்கா போட்டியின் 5000 மீட்டரில் யிஃப்டர் ஒரு ரவுண்டு முன்னதாகவே கடைசி ஓட்டத்தை ஓடி முடித்து நின்றுவிட்டார். அமெரிக்காவின் ஸ்டீவ் பிரிஃபோன்டெய்ன் ஜெயித்தார். பிறகு அதே போட்டியின் 10,000 மீட்டரில் யிஃப்டர் இன்னொரு அமெரிக்கரான ஃபிராங்க் ஷார்ட்டரைத் தோற்கடித்தார். ஆக யிஃப்டர், மாட்ரிட், ஹாகோஸ் என்று மூன்றையும் வரிசையாக அடுக்கி, "எத்தியோப்பியர்கள் இப்படித்தான்" என்று சொல்லிவிட முடியும். சொல்கிறார்கள். நாற்பத்தெட்டு வருடத்தில் மூன்று சம்பவம்! அந்த நாற்பத்தெட்டு வருடத்தில் எத்தியோப்பியர்கள் எத்தனை பந்தயங்களின் முன்வரிசையில் ஓடியிருக்கிறார்கள் என்பதையும் சேர்த்து எண்ண வேண்டாமா? முன்னால் ஓடுகிறவன் ரவுண்டைத் தவறவிட்டால் உலகமே பார்க்கும். பதினெட்டாவதாக ஓடுகிறவன் தவறவிட்டால் பக்கத்தில் ஓடுகிறவன் "ஓடுப்பா" என்று முதுகில் தட்டிவிட்டுப் போவான்.

கூட்டாக ஓடுவதன் விலை

அண்ணன் மகனுக்கு அன்று சொல்ல நினைத்து வார்த்தை வராமல் போனது இதுதான். மாட்ரிட்டில் தவறு எங்கிருந்து வந்தது? அவர்களுடைய பலத்திலிருந்துதான் என்று நினைக்கிறேன்.

தனியாக ஓடுகிறவன் எல்லாவற்றையும் தானே பார்த்துக்கொள்ள வேண்டும். எத்தனை ரவுண்டு, யார் எங்கே, எப்போது கிளம்புவது, எல்லாமே அவன் பொறுப்பு. கூட்டாக ஓடும்போது அந்தப் பாரம் பாதி இறங்கிவிடும். பக்கத்தில் ஓடுகிறவனின் மூச்சுச் சத்தத்தை வைத்தே வேகத்தைச் சரிபார்க்கலாம். அவன் கிளம்பினால் நீயும் கிளம்பு, அவ்வளவுதான். முன்னால் போகும் மாட்டின் கழுத்துமணிச் சத்தத்தை நம்பி, வண்டிக்காரனைத் தூங்கவிட்டு நடக்கிற பின்வண்டி மாடுகள் மாதிரி. மாஸ்கோவில் இதுதான் மற்றவர்களைக் குலைத்தது. மாட்ரிட்டிலும் பந்தயத்தின் பெரும்பகுதிவரை இதுதான் அவர்களை முன்னால் வைத்திருந்தது. ஆனால் அப்படி ஓடும் கூட்டத்தில் ஒருவன் கிளம்பினால் எல்லோரும் கிளம்புவார்கள். "இருப்பா, இன்னும் ஒன்று இருக்கிறது" என்று சொல்லத் தனியாக ஒருவன் எண்ணிக்கொண்டிருக்க வேண்டும். அப்படித் தனியாக எண்ணிக்கொண்டிருப்பவன் அந்தக் கூட்டத்தோடு அவ்வளவு ஒன்றி ஓடியிருக்கவும் முடியாது. இதற்கு எனக்குச் சான்று எதுவும் இல்லை. ஓடுகிறவர்களைப் பக்கத்திலிருந்து பார்த்ததில் தோன்றியது.

தவறை ஈடுகட்டியதும் அதே கூட்டுத்தான். அந்த வருட ஆண்கள் அணிப் பட்டத்தை ஜெயித்தது யார் தெரியுமா? எத்தியோப்பியாதான். அமெரிக்கா இரண்டாவது. கதை சொல்கிறவர்கள் இதை வேகமாகத் தாண்டிவிடுகிறார்கள். நானும் முதல் தடவை அவனிடம் சொல்லும்போது விட்டுவிட்டுத்தான் சொன்னேன். அணிப் பட்டத்துக்கு அந்த நாட்களில் ஒரு நாட்டிலிருந்து ஒன்பது பேர் ஓடலாம், முதலில் வரும் ஆறு பேரின் இடங்களைக் கூட்டுவார்கள், குறைந்த கூட்டுத்தொகை வந்த அணிக்குப் பட்டம். கிராஸ் கன்ட்ரியில் எனக்குப் பிடித்ததே இந்தக் கணக்குத்தான். ஒரே ஓட்டத்துக்கு இரண்டு முடிவுகள். தனிநபர் பட்டியலில் ஒரே ஒரு ஆளின் ஒரே ஒரு நொடி எல்லாவற்றையும் மாற்றிவிடும். அணிப் பட்டியலில் ஆறாவது ஆள் முப்பதாவதாக வருகிறானா நாற்பதாவதாக வருகிறானா என்பதற்கும் அதே மதிப்பு. பதக்க மேடையில் நிற்கவே போகாத ஒருவன், புல்தரையின் ஏதோ ஒரு மூலையில் இன்னும் ஒரு ஆளைத் தாண்டினால் அது நாட்டுக்கு ஒரு புள்ளி.

யோசித்துப் பாருங்கள். முடித்துவிட்டோம் என்று நினைத்தபின் இன்னும் ஒரு ரவுண்டு ஓட வேண்டியிருந்தது கெதிருக்கு மட்டும் இல்லை. அந்தப் பதற்றத்தில், தங்கமும் கைவிட்டுப் போனபின், அவர்களில் ஒருவர் இருவர் மனம் விட்டு ஒதுங்கியிருந்தால்கூட அணிப் பட்டம் அமெரிக்காவிடம் போயிருக்கலாம். போகவில்லை. முதல்முறை வந்து, பந்தயத்தின் நடுவே இப்படி ஒரு அடி வாங்கி, அப்படியும் ஆண்கள் அணிப் பட்டத்தோடு ஊர் திரும்பினார்கள். எண்ணத் தெரியாதவர்கள் கதை என்றால் இந்தப் பகுதியை என்ன செய்வது?

வெர்ஜினின் பங்கு

இன்னொரு பக்கமும் இருக்கிறது. கெதிருக்காக வாதாடுகிறவர்கள் கடைசியில் வெர்ஜினைக் கள்ளன் ஆக்கிவிடுகிறார்கள். அதுவும் நியாயம் இல்லை.

வெர்ஜின் இல்லினாய் மாநிலத்தின் லெபனான் என்ற சிற்றூர்க்காரர். சிறு வயதிலேயே சிறுநீரகக் கோளாறோடு போராடி, அறுவை சிகிச்சையெல்லாம் பார்த்தவர். 1980இல் லோன்ஷாமில் இதே பட்டத்தை ஜெயித்தபோது அவருக்கு யாரும் ரவுண்டைத் தவறவிட்டுக் கொடுக்கவில்லை. இங்கிலாந்தின் நிக் ரோஸ் வெகுதூரம் முன்னால் போய்விட்ட பந்தயம் அது. பின்னாலிருந்து ஒவ்வொருவராகப் பிடித்து, மேற்கு ஜெர்மனியின் ஓர்த்மனையும் கடைசி நேர்ப்பாதையில் முந்திக்கொண்டு வந்து ஜெயித்தார். கடைசி வரை பொறுத்திருந்து ஓடுவதுதான் அவர் பாணி. மாட்ரிட்டிலும் முன்னால் எத்தியோப்பியர்கள் திடீரென்று பறந்தபோது, கூடவே பறக்காமல் தன் கணக்கில் நின்றார். அந்த நேரத்தில் கூட்டத்தோடு கிளம்பாமல் இருப்பதற்குத் தனித் துணிச்சல் வேண்டும். ஒருவேளை அவர்கள் எண்ணியது சரி, நான் எண்ணியது தப்பு என்று ஒரு நொடி யோசித்தால் போதும், குலைந்துபோவோம். மூன்று வாரம் கழித்து, ஏப்ரலில், பாஸ்டன் மாரத்தானில் ஜப்பானின் தொஷிஹிகோ செகோவுக்கு அடுத்து இரண்டாவதாக வந்தார், 2 மணி 10 நிமிடம் 26 வினாடியில். மடியில் விழுந்த தங்கத்தை வைத்துக்கொண்டு யாரும் இப்படி ஓடுவதில்லை. அவருக்குப் பிறகு இன்றுவரை வேறு எந்த அமெரிக்க ஆணும் இந்தப் பட்டத்தை ஜெயித்ததில்லை. அவருக்கு முன்னும் இல்லை.

மூன்றாவதாக வந்த மமெடேவைப் பற்றியும் ஒரு வரி. 1984இல் ஸ்டாக்ஹோமில் 10,000 மீட்டர் உலக சாதனையை 27:13.81க்குக் கொண்டுவந்தவர், அடுத்த சில வாரங்களில் லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக் இறுதி ஓட்டத்தின் பாதியிலேயே தடத்தைவிட்டு வெளியேறினார். பெரிய மேடைகள் அவருக்கு ஒத்துவரவில்லை. முன்னால் எல்லாம் குழம்பிக் கிடந்த மாட்ரிட்டில் மட்டும் நிலைகுலையாமல் ஓடிப் பதக்கம் வாங்கினார் என்பது எனக்கு இன்னும் புரியாத புதிர். அதற்கே தனியாக ஒரு பதிவு வேண்டும்.

அடுத்த வருடம் ரோம். முகமது கெதிர் தனிநபர் தங்கம் வாங்கினார். இரண்டாவது வந்தவர் அமெரிக்காவின் ஆல்பர்ட்டோ சலசார், மூன்றாவது நியூசிலாந்தின் ராட் டிக்சன். சலசார் அதற்குள் நியூயார்க் மாரத்தானை இரண்டு முறை ஜெயித்திருந்தார், ரோமுக்கு அடுத்த மாதம் பாஸ்டனையும் ஜெயித்தார். அப்படி ஒரு ஆளைப் பின்னால் விட்டுவிட்டு வந்த தங்கம் அது. அணிப் பட்டமும் எத்தியோப்பியாவுக்கே. 1985 வரை தொடர்ந்து ஐந்து வருடம் அதை யாருக்கும் விடவில்லை. 1986இல் சுவிட்சர்லாந்தின் நூஷாதெலில் ஜான் ங்கூகியோடு கென்யா வந்து வாங்கிக்கொண்டது, பதினெட்டு வருடம் திருப்பித் தரவில்லை. ரோமைக் காட்டி, "பார்த்தீர்களா, மாட்ரிட்டிலும் அவருக்குத்தான் சேர வேண்டியது" என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். கெதிர் எவ்வளவு பெரிய ஓட்டக்காரர் என்பதற்குச் சாட்சி வேண்டுமென்றால் ரோம் போதும், மாட்ரிட்டின் கடைசி ரவுண்டு அதைவிடக் கூடுதல். அதற்காக வெர்ஜின் கழுத்திலிருந்து எதையும் கழற்ற வேண்டியதில்லை.